அரளிக்கு வேண்டியது மருந்தல்ல, கவாத்து

கேள்வி: மதில் ஓரம் நட்ட இளஞ்சிவப்பு அரளிக்கு மூன்று வயதாகிறது. ஆளுயரம் தாண்டிவிட்டது, ஆனால் அடிப்பகுதி வெறுங்குச்சியாக நிற்கிறது, பூவும் நான்கைந்து கொத்துதான். கொழுந்து முழுவதும் மஞ்சள் பூச்சி அப்பியிருக்கிறது. உரக்கடையில் கொடுத்த யூரியா, பூ டானிக், பூச்சிமருந்து மூன்றையும் பயன்படுத்தியும் பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது. வேறு எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். மஞ்சள் உடலும் கறுத்த கால்களும் கொண்ட அது அரளி அசுவினி. காலையில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சில நாள் இடைவெளியில் மீண்டும் அடியுங்கள். கூட்டத்தின் நடுவே பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டியிருப்பவற்றைக் கூர்ந்து பாருங்கள்: அவை குளவியினத்தைச் சேர்ந்த நுண்ணிய ஒட்டுண்ணி உள்ளே வளர்ந்து கொன்ற அசுவினிகள். கடைக்காரர் கொடுத்த மருந்து அந்த ஒட்டுண்ணியையும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் சேர்த்து அழிப்பதால்தான் அசுவினி முன்னிலும் பெருகித் திரும்புகிறது.

பூச்சியை அழைத்து வந்ததே யூரியாதான் என்பது என் உறுதியான கருத்து. யூரியா தரும் தழைச்சத்து மிகுந்தால் கொழுந்து சாறேறி இளசாக நிற்கும். அசுவினிக்கு அதுவே விருந்து, பூவுக்கோ அது கேடு. வறண்ட மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் செடிக்கு உரத்தையும் டானிக்கையும் விற்பவர், உங்கள் செடியைப் பார்க்காமல் தம் அலமாரியைப் பார்த்தே பதில் சொல்கிறார். ஆண்டுக்கொரு முறை மக்கிய தொழு உரம் போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கடைசியாக எப்போது கவாத்து செய்தோம், அதாவது கிளைகளை வெட்டிவிட்டோம் என்பதே. அரளி புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும். வெட்டாத கிளை ஒரே நுனியோடு உயர்ந்துகொண்டே போக, அடி மொட்டையாகிவிடுகிறது. ஒரு கணுவுக்கு மூன்று இலை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இலைகள் தண்டோடு சேரும் கக்கங்களிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும், அத்தனையும் பூ நுனிகளாகும். பூப்பு ஓய்ந்ததும், மழையில்லாத நாளில், முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையை ஒட்டி வெட்டுங்கள். மீதியை அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவ்வாறே வெட்டினால் செடி அடியிலிருந்தே புதுப்பிக்கப்படும். ஆனால் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படாத இடமாக இருந்தால், எத்தனை முறை வெட்டினாலும் பூ குறைவாகவே இருக்கும்.

வெட்டும்போது கையுறை கட்டாயம். இலை, பூ, தண்டு, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஒரு சாண் குச்சிகளை ஈரமணலில் ஊன்றினால் வேர்பிடிக்கும். மீதியை எரிக்கக்கூடாது, புகையும் நஞ்சு. ஆடு மாடு எட்டும் இடத்திலும் போடக்கூடாது, காய்ந்த இலையிலும் நஞ்சு நீங்குவதில்லை. ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.