மகன் சுமோவில் சேரப்போகிறேன் என்கிறான்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, டோக்கியோவில் எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன், ஜூடோவை விட்டுவிட்டுச் சுமோ கூடத்தில் (ஜப்பானிய மல்யுத்தமான சுமோவை வீரர்கள் ஓர் ஆசானிடம் தங்கிப் பயிலும் இடம்) சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். வருமானம் நிரந்தரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஜெயிக்கிறவருக்கும் இல்லை.

தொழில்முறை சுமோவில் ஆறு பிரிவுகள். உச்சியில் உள்ள மகுஉச்சியில் 42 பேர், அடுத்த ஜூரியோவில் 28 பேர். மாதச் சம்பளம் இந்த 70 பேருக்குத்தான். ஜூரியோவில் சுமார் 11 லட்சம் யென், சுமோவின் உச்சப் பட்டமான யோகொசுனா பெற்றவருக்குச் சுமார் 30 லட்சம் யென். மூன்றாவது பிரிவான மகுஷித்தாவிலிருந்து கீழே இருப்பவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் உண்டு, போட்டிக்குப் போட்டி சிறு படி உண்டு, சம்பளம் கிடையாது. சமையல், துணி துவைப்பது, மூத்தவர்களுக்கு எடுபிடி எல்லாம் இவர்கள் தலையில்தான். ஆண்டுக்கு ஆறு போட்டிகள், ஒவ்வொன்றும் முடிந்ததும் தரவரிசை மாறும். அடிபட்டுப் படுத்துவிட்டாலும் தரம் இறங்கும்.

தெருனோஃபுஜியைப் பற்றி உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அவர் யோகொசுனா ஆன கதையை மட்டும் பார்த்திருப்பான். நடுவில் நடந்ததை நீங்கள் இருவரும் சேர்ந்து படியுங்கள். மங்கோலியாவிலிருந்து ஜப்பானின் தொத்தோரியில் பள்ளிப் படிப்புக்கு வந்தவர் அவர். 2015 மே போட்டியில் கோப்பை வென்று, யோகொசுனாவுக்கு அடுத்த படியான ஓசெகி ஆனார். பிறகு முழங்கால்கள் போயின, நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 2017-இல் ஓசெகி பட்டம் போனது. 2018-இல் மகுஷித்தாவுக்கு இறங்கியபோது சம்பளமும் நின்றது. 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாவது பிரிவான ஜோனிதானில், பதின்வயதுப் பையன்களோடு மோதினார். விலகிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டும் ஆசான் விடவில்லை. முதலில் உடம்பைச் சரிசெய் என்றார். 2020 ஜூலையில் மகுஉச்சியின் கடைசி வரிசைக்குத் திரும்பி, அந்தப் போட்டியிலேயே கோப்பை வென்றார். 2021-இல் யோகொசுனா. மொத்தம் பத்துக் கோப்பைகள். 2025 ஜனவரியில் ஓய்வு.

சினிமா மாதிரி இருக்கிறது, சரி. ஆனால் ஓசெகியாக இருந்து மகுஷித்தா வரை விழுந்தவர் அவருக்கு முன் யாருமே இல்லை. அப்படி விழுந்து யோகொசுனா வரை எழுந்தவரும் அவர் ஒருவர்தான். இதை நம்பி ஒரு பையனின் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. இதில் நான் கவனிப்பது அந்த ஆசானைத்தான்.

உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரு கூடத்தில் ஒரு வெளிநாட்டவருக்குத்தான் இடம். இந்தியரான உங்கள் மகனும் அந்த ஓர் இடத்துக்குத்தான் போட்டியிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு ஜப்பான் சுமோ சங்கத்திலேயே ஆசானாக நீடிக்க ஜப்பானியக் குடியுரிமை கட்டாயம்; அந்தப் பதவிகளும் 105 மட்டுமே. தெருனோஃபுஜியும் 2021-இல் குடியுரிமை மாறினார். மற்றவர்கள் சாங்கோ (சுமோ வீரர்களின் உணவு) உணவகம் வைப்பார்கள், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, முப்பது வயதில் வெளியே வருபவர் பாடுதான் திண்டாட்டம்.

அதனால் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் கூடத்துக்கு அனுப்பாதீர்கள். சுமோ மன்றம் உள்ள உயர்நிலைப் பள்ளியில் சேருங்கள், முடிந்தால் பல்கலைக்கழகமும் படிக்கட்டும். புதிதாகச் சேர 23 வயதுக்குள் இருந்தால் போதும். கல்லூரி அளவில் பெரிய சுமோ கோப்பை வென்றால் அடிமட்டத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஓனோசாத்தோ என்ற வீரர் பட்டப்படிப்பு முடித்து 2023 மே மாதம் மகுஷித்தாவில் நேராக இறங்கினார். இரண்டே ஆண்டில் யோகொசுனா. எல்லாருக்கும் அது வாய்க்காது, ஆனால் தோற்றாலும் கல்லூரிப் பட்டம் கையில் இருக்கும்.

இதற்கிடையில், அனுமதி கேட்டு ஒரு கூடத்தின் காலைப் பயிற்சிக்கு அவனோடு போய் உட்காருங்கள். ஆசானிடம் பேச வாய்த்தால் எத்தனை பேர் மகுஉச்சிக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டாம். முழங்கால் போனவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள், விலகிப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். இதற்கு மழுப்பினால் வேறு கூடம் பாருங்கள்.