ஏற்றுக்கொண்டோம், ஆனால்...

வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், தான் தன்பாலீர்ப்பாளன் என்று இரண்டு வருடம் முன்பு சொன்னான். நானும் கணவரும் அழுது ஓய்ந்து, ஏற்றுக்கொண்டுவிட்டோம். சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் மகள் கல்யாணம். 'உனக்கு எப்போது?' என்று துளைப்பார்கள் என்பதால் அவனை முகூர்த்தத்துக்கு மட்டும் வந்துபோகச் சொல்லிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பொரியிட கொழுந்தனார் பையன் இருக்கிறான். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட நினைக்கிறோம். பெற்றோரும் உறவுகளும் மனதார ஏற்கும் நாடு எது?

(பெயர் வேண்டாம், சேலம்)

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அவனுக்கு அவசரமாகப் பெண் பார்க்கவில்லை. அதற்கே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்படி ஒரு நாடு இல்லை. 2019 மே மாதம் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய தைவானில், அதற்கு ஆறு மாதம் முன்புதான் பெரும்பாலானோர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். சரி, அதை விடுங்கள். 'ஏற்றுக்கொண்டோம், சொந்தக்காரர்களுக்குத் தெரியாது' என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என் பெரியம்மா மகன் பல வருடங்களாக ஒரு நண்பரோடு வாழ்கிறார். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். பருப்புப்பொடி அனுப்பினால் இரண்டு பாட்டில் வரும். நண்பருக்குக் காரம் ஆகாது என்று ஒன்றில் மிளகாய் குறைவு. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் காலையிலிருந்து பந்தியைக் கவனித்ததே அந்த நண்பர்தான். 'ஃபேமிலி எல்லாம் மேடைக்கு வாங்க' என்று போட்டோகிராபர் கூப்பிட்டதும் அவரும் ஓர் எட்டு வைத்தார். 'நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுப்பா' என்றார் பெரியம்மா, மெதுவாகத்தான். எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு அவர் கீழே நின்றார். அந்தப் போட்டோ இன்னும் ஹாலில் தொங்குகிறது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை, 1972இல் மகன் மோர்ட்டியை அடித்துப்போட்டார்கள் என்றதும் தன் பெயரைப் போட்டே பத்திரிகைக்கு எழுதினார். அந்த ஜூனில், பெற்றோரே ஒன்றுசேருங்கள் என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் அவனோடு நடந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அப்போது தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. சீனாவில் வூ யோஜியன் என்ற அம்மா 2005இல் டிவியில் மகனுக்காகப் பேசினார். இங்கே 2023 ஏப்ரலில், தன்பாலினத் திருமண உரிமை வழக்கின்போது, 400க்கும் மேற்பட்ட பெற்றோர் தலைமை நீதிபதிக்குக் கையெழுத்திட்டு எழுதினார்கள். நாடு மாறட்டும் என்று இவர்கள் யாரும் காத்திருக்கவில்லை.

நீங்களோ ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை விமானம் ஏற்றப் பார்க்கிறீர்கள்! கூடப்பிறந்தவன் கல்லுப்போல இருக்கும்போது பொரியிட கொழுந்தனார் பையன் எதற்கு? மைக் பிடித்து அறிவிக்கச் சொல்லவில்லை. யாரிடம் எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. ஆனால் ஒளிந்துகொள் என்று பெற்றவர்கள் சொல்லக் கூடாது. 'அவனுக்கு எப்போ?' என்று கேட்பவரிடம், 'அது அவன் விஷயம், நீங்க சாப்பிட்டீங்களா?' என்று சொல்ல உங்களுக்குத் தெரியாதா? அவன் சம்பளத்தைக் கேட்டவர்களை எத்தனை முறை அப்படி அனுப்பியிருப்பீர்கள்!

மாப்பிள்ளை வீட்டார் பற்றிய பயம் பெரிதல்ல. தலைமை நீதிபதிக்கு அந்தக் கடிதத்தை எழுதியது 'ஸ்வீகார்' என்ற பெற்றோர் குழு, அவர்களிடம் பேசுங்கள். அதற்கு முன் மகனுக்கு போன் போட்டு, பந்தக்கால் நடும் அன்றே வந்துவிடச் சொல்லுங்கள். யாரையாவது கூட்டி வருவதாகச் சொன்னால், அவருக்கும் சேர்த்து வேட்டி எடுங்கள்.