மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்: ஹிக்கிகோமோரி பற்றி உங்கள் கேள்விகள்

ஜப்பானில் மாதக்கணக்காக, வருடக்கணக்காக அறைக்குள்ளேயே அடைந்துவிடும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபுகுவோகாவில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இது நோயா, இல்லை வெறும் சோம்பேறித்தனமா?

இது ஒரு நிலை, தனி நோயின் பெயர் அல்ல. வேலை, பள்ளி, வெளியாட்கள் தொடர்பு என எதுவும் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தால் ஜப்பானிய சுகாதார அமைச்சு அதை ஹிக்கிகோமோரி என்கிறது. 1998-ல் மனநல மருத்துவர் சைட்டோ தமாகி எழுதிய புத்தகத்தால்தான் இந்தச் சொல் வீடுவீடாகப் பரவியது. அடியில் மனச்சோர்வோ, மனிதர்களைக் கண்டால் வரும் பயமோ, ஆட்டிசமோ இருக்கலாம். அடைந்து கிடந்ததாலேயே மனச்சோர்வு வருவதும் உண்டு. அதனால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சோம்பேறி என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சோம்பேறிக்கு ஓய்வு இனிக்கும். இவர்கள் காலையில் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். பலர் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது எதனால் தெரியுமா? இரவில் யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் குற்ற உணர்ச்சி கொஞ்சம் அடங்குகிறது.

கேள்வி: இளைஞர்கள் மட்டும்தானா?

அப்படித்தான் வெகுகாலம் நினைத்தார்கள். 2015-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பு 39 வயதோடு நின்றது: 5.41 லட்சம் பேர். 2018-ல் 40 முதல் 64 வயது வரை எண்ணியபோது அங்கே 6.13 லட்சம் பேர் இருந்தார்கள்! 2022 கணக்கெடுப்பின்படி 15 முதல் 64 வயது வரை சுமார் 14.6 லட்சம், அதாவது ஐம்பதில் ஒருவர். எண்பது வயதுப் பெற்றோர் ஐம்பது வயதுப் பிள்ளைக்குச் சோறு போடும் வீடுகளை '8050 பிரச்சினை' என்கிறார்கள். இருபது வயதில் கவனிக்காமல் விட்டதுதான் பல வீடுகளில் ஐம்பதில் வந்து நிற்கிறது.

கேள்வி: ஏன் ஜப்பானில் இவ்வளவு?

அங்கே பெரிய நிறுவனங்கள் படிப்பை முடிக்கிறவர்களை மொத்தமாக ஏப்ரலில் சேர்த்துக்கொள்ளும். அந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது கிடைப்பது கஷ்டம். தொண்ணூறுகளில் பொருளாதாரம் சரிந்தபோது ஒரு தலைமுறையே அப்படி நடைமேடையில் நின்றது. பள்ளியிலும் இதே கதை. 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் முப்பது நாளுக்கு மேல் பள்ளிக்கு வராதவர்கள் 3,46,482 பேர். எல்லோரும் அறைக்குள் முடங்குவதில்லை, ஆனால் பலருக்குத் தொடக்கம் அங்கேதான். இதோடு 'செக்கென்தெய்' சேர்ந்துகொள்கிறது: நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். பெற்றோரும் அந்தப் பயத்தில் விஷயத்தை மறைக்க, உதவி வர வருடங்களாகிவிடும்.

கேள்வி: இன்டர்நெட்டும் வீடியோ கேமும்தானே காரணம்?

இல்லை. சைட்டோவின் புத்தகம் வந்தபோது பெரும்பாலான வீடுகளில் இன்டர்நெட்டே கிடையாது. சிலருக்கு மிச்சமிருக்கும் ஒரே ஜன்னல் அது, வைஃபையைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: கதவை உடைத்து வெளியே இழுத்தால் என்ன?

செய்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆளை வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போகும் நிறுவனங்கள் உண்டு, நீதிமன்றம் வரை போன வழக்குகளும் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று இருந்த ஒரே இடமும் போய்விடுகிறது.

எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு அம்மா வருவார். மகன் நான்கு வருடமாகப் பேசவில்லை. தினமும் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்து, "வேலைக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதை நிறுத்தச் சொன்னோம். அதற்குப் பதிலாக, "இன்று மழை", "எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லப் பழகினார். சில மாதம் கழித்துக் காலித் தட்டில் ஒரு துண்டுச் சீட்டு: 'மிசோ சூப்பில் உப்பு அதிகம்.' அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார். நாங்கள் எல்லோரும் அழுதோம். பிள்ளை வராவிட்டாலும் பெற்றோர் முதலில் உதவிக்கு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: வெளியே வந்தவர்கள் இருக்கிறார்களா?

நிறையப் பேர். அகிதா மாகாணத்தில் ஃபுஜிசாதோ என்று நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே நலச்சங்கத்தினர் வீடுவீடாகப் போய்ப் பார்த்ததில் 113 பேர் இப்படி இருந்தது தெரிந்தது. பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட்டால் அவ்வளவாக யாரும் வரவில்லை. வேலைப் பயிற்சி என்றதும் வந்தார்கள். 2010-ல் 'கொமித்தோ' என்ற மையம் திறந்தார்கள். அங்கே சோபா நூடுல்ஸ் கையால் பிசைந்து விற்கிறார்கள். அவர்கள் கேட்டது இரக்கத்தை அல்ல, செய்ய ஒரு வேலையை.

கேள்வி: நான் டோக்கியோவில் படிக்கிறேன். மூன்று மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் சொல்லவில்லை.

எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றிரவே பக்கத்தில் யாரையாவது எழுப்புங்கள், அவசரமென்றால் 119-ஐ அழையுங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றால், நாளை உங்கள் பல்கலைக்கழக ஆலோசனை அறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "நான் வகுப்புக்கு வரவில்லை, பேச வேண்டும்." காரணம், விளக்கம், மன்னிப்பு எதுவும் எழுத வேண்டாம். இந்த ஒரு வரி போதும்.