ஆண்டு மட்டும் போதுமா? – துப்பறியும் நாவல்களின் முதற்பதிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை ஒன்றில் இரண்டு நாவல்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று கோனன் டாயிலின் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’. சிவப்புத் துணி அட்டை. ஜார்ஜ் நியூன்ஸ், லண்டன், 1902 என்று போட்டிருக்கிறது. மற்றது அகதா கிறிஸ்டியின் ‘டெத் ஆன் தி நைல்’, காலின்ஸ், 1937, மேலுறையோடு. இரண்டுமே முதற்பதிப்பு என்று கடைக்காரர் பெரிய விலை சொல்கிறார். ஆண்டு சரியாக இருந்தால் முதற்பதிப்புதானே? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

ஆண்டு பொருந்த வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது. சேகரிப்பவர்கள் முதற்பதிப்பு என்று சொல்வது முதற்பதிப்பின் முதல் அச்சை. நன்றாக விற்ற நாவலை அதே ஆண்டில் மறுபடி அச்சடித்திருப்பார்கள். பல ஆண்டு கழித்து வந்த மலிவுப் பதிப்பிலும் பழைய காப்புரிமை ஆண்டு அப்படியே நிற்கும். அதனால் பதிப்பகம், தலைப்புப் பக்கத்தின் முன்னும் பின்னும், உள்ளே அச்சுப்பிழை, கடைசிப் பக்க விளம்பரம், அட்டை, மேலுறை என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால்தான் பெரிய விலையைப் பற்றிப் பேசலாம்.

முதலில் ‘ஹவுண்ட்’. ஸ்ட்ராண்ட் இதழில் 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை தொடராக வந்த கதை இது. தொடர் முடிவதற்கு முன்பே, 1902 மார்ச்சில், நியூன்ஸ் புத்தகமாகப் போட்டுவிட்டது. 13ஆம் பக்கத்தைத் திறங்கள். பக்கத் தலைப்பு வரியை விட்டுவிட்டு, கதையின் வரிகளை மட்டும் எண்ணி மூன்றாவது வரிக்கு வாருங்கள். அங்கே ‘யுவர்’ என்று வர வேண்டிய இடத்தில் கடைசி எழுத்து விட்டுப்போய் ‘யூ’ என்று இருந்தால் முதல் அச்சுக்கான அடையாளம் கிடைத்துவிட்டது. பக்கத் தலைப்பையும் சேர்த்து எண்ணி, பிழையைக் காணோமே என்று நல்ல பிரதியை வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

அந்தப் பிழை இருந்தாலும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். அன்றைக்கு ஈய எழுத்தைக் காகிதத்தில் அழுத்தித்தான் அச்சடித்தார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தும் லேசாகப் பள்ளம் விழுந்து தெரியும். தாளின் பின்பக்கம் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். யாராவது ஓர் எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடத்தில் காகித நார் கிளம்பி, பளபளப்பு மங்கியிருக்கும். பக்கம் முழுவதுமே பள்ளமில்லாமல் வழுவழுவென்று இருந்தால் அது படமெடுத்து அச்சிட்ட பிற்கால நகல்.

அடுத்து சிட்னி பாஜெட்டின் படங்கள். மொத்தம் பதினாறு, தனித் தாள்களில். இவற்றைக் கிழித்துச் சட்டம் போட்டு விற்கிறவர்கள் இருப்பதால் ஒவ்வொன்றாக எண்ணிவிடுங்கள். ஒரு படம் குறைந்தாலும் சேகரிப்பவர்களுக்கு அது குறைப் பிரதிதான்.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே நாவலை லாங்மன்ஸ் நிறுவனம் இந்தியாவுக்கும் மற்ற காலனி நாடுகளுக்கும் என்று தன் காலனி நூலக வரிசையில் தனியாகப் போட்டது. சென்னைப் பழைய கடைகளில் கிடைக்கும் 1902 பிரதி அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பிரதியில் நியூன்ஸ் என்று இருப்பது நல்லதுதான். ஆனாலும் அந்தத் தலைப்புப் பக்கம் மற்றப் பக்கங்களோடு சேர்த்துத் தைத்ததா, வேறு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டியதா என்று தையல் ஓரத்தை விரித்துப் பாருங்கள். ஒட்டிய தாள் ஓரத்தில் பசைக்கோடு தெரியும், தாளின் நிறமும் கொஞ்சம் மாறும். காலனிப் பதிப்பும் வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம்தான், எனக்கு அதன் மேல் தனிப் பிரியமே உண்டு. அதற்கு லண்டன் பதிப்பின் விலையைத் தரக் கூடாது, அவ்வளவுதான்.

அட்டையும் தாளும் எப்போதும் சேர்ந்தே பேசுவதில்லை. தாளை ஒருமுறை அச்சடித்துவிட்டு, தேவைப்படும்போது பைண்டிங் செய்வது பதிப்பகங்களின் வழக்கம். நியூன்ஸ் 1892இல் வெளியிட்ட ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஷெர்லக் ஹோம்ஸ்’ இதற்கு நல்ல பாடம். அதன் முதல் நிலை அட்டைப் படத்தில் தெருப் பலகை வெறுமையாக இருக்கும். அடுத்ததில் தெருவின் பெயர் ஏறிவிடும். உள்ளே 317ஆம் பக்கத்தில் வயலட் ஹண்டர் என்ற பெண்ணின் பெயர் ‘வயலண்ட் ஹண்டர்’ என்று பிழையாக இருக்கும். ஒன்றைப் பார்த்ததும் கையை எடுத்துவிடாமல் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இனி ‘டெத் ஆன் தி நைல்’. இங்கே ஏமாறுவது சுலபம். முப்பதுகளின் காலின்ஸ் புத்தகங்களில் ‘முதற்பதிப்பு’ என்ற அறிவிப்பைத் தேடிப் பயனில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் காப்புரிமை ஆண்டு மட்டும் இருந்து, மறு அச்சுக் குறிப்பு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். மலிவுப் பதிப்பிலும் இப்படியே இருக்கக்கூடும் என்பதால், ஆசிரியரின் பிற நூல்கள் பட்டியலையும் பின்பக்க விளம்பரங்களையும் வரிவரியாகப் படியுங்கள். ‘அப்பாயிண்ட்மெண்ட் வித் டெத்’ வெளிவந்தது 1938இல். அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் உங்கள் கையிலிருப்பது 1937 நவம்பரில் வந்த அச்சாக இருக்க முடியாது. அட்டை ஆரஞ்சுச் சிவப்புத் துணியில் கறுப்பு எழுத்தோடு இருக்க வேண்டும்.

மேலுறைதான் இதில் பெரும் பணம். முதுகில் 7/6, அதாவது ஏழரை ஷில்லிங், என்று விலை இருக்க வேண்டும். இரண்டரை, மூன்றரை ஷில்லிங் என்றால் மலிவுப் பதிப்பின் உறை. படத்தை வரைந்தவர் ராபின் மக்கார்ட்னி; கிறிஸ்டியின் கணவரோடு அகழ்வாய்வில் வேலை செய்தவர்.

சரியான விலையே அச்சாகியிருந்தாலும் அது நகல் உறையாக இருக்கலாம். இதே லூப்பால் சிறிய கறுப்பு எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு மை ஒரே கறுப்பாக, ஓரம் திருத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து எடுத்ததில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். சில நகல்களில் அசலிலிருந்த மடிப்பும் கிழிசலும் படமாக அச்சாகியிருக்கும்: கண்ணுக்குக் கிழிசல், தடவினால் வழுவழு. ஹார்ப்பர்காலின்ஸ் கிறிஸ்டி நாவல்கள் சிலவற்றின் முதற்பதிப்பை அப்படியே நகலாகவும் வெளியிட்டிருக்கிறது. உள்ளே நகல் பதிப்பு என்று தெளிவாகவே போட்டிருப்பார்கள். அந்த மேலுறையை மட்டும் உருவிப் பழைய புத்தகத்துக்கு மாட்டிவிட முடியும்.

உறை அசல்தான் என்றாலும் இந்தப் புத்தகத்தோடு பிறந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. உறையின் முதுகு உச்சியில் ஒரு துண்டு போயிருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள துணி வெளுத்து அழுக்கேறியிருக்க வேண்டும். உறை முழுசாக இருக்க, உள்ளே துணி முதுகு வெயிலில் வெளுத்திருந்தால், அது பின்னால் வந்து சேர்ந்த உறை.

எந்த நாட்டுப் பதிப்பு முந்தியது என்பதையும் நாவலுக்கு நாவல் பார்க்க வேண்டும். கிறிஸ்டியின் முதல் நாவல் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ அமெரிக்காவில் 1920 அக்டோபரிலும் இங்கிலாந்தில் 1921 ஜனவரியிலும் வந்தது. அமெரிக்கப் புத்தகங்களில் கிராசெட் அண்ட் டன்லப், ஏ.எல். பர்ட் என்ற பெயர்களைக் கண்டால் வைத்துவிடுங்கள். இரண்டும் மறுபதிப்பு நிறுவனங்கள். மூலப் பதிப்பகத்தின் அச்சுத் தகடுகளையே வாங்கி அடித்ததால் பழைய காப்புரிமைப் பக்கம் அப்படியே இருக்கும்.

வாங்கினால் உறையின் கிழிசலுக்கு செல்லோடேப் போடாதீர்கள். சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. பழைய பைண்டிங்கின் பசைக்கு இராமபாணப் பூச்சி வரும். வாங்கியதும் அலமாரியில் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல், கொஞ்ச நாள் தனியாக வைத்து முதுகிடுக்கைத் தட்டிப் பாருங்கள். புது பைண்டிங் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஓரம் வெட்டி காலிகோ போட்ட முதற்பதிப்பு, படிக்க நன்றாக இருக்கும். சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கடைக்காரர் அனுமதித்தால் இரண்டு புத்தகத்தின் தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், ‘ஹவுண்ட்’ 13ஆம் பக்கம், ‘நைல்’ நாவலின் கடைசி விளம்பரப் பக்கங்கள், உறையின் முதுகு ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்