ரெக்கார்டு பெட்டி: மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய பாட்டுகள் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பெரியப்பா நைஜீரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கொண்டுவந்த ரெக்கார்டுப் பெட்டி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கனமான சின்ன ரெக்கார்டுகளும் பெரிய எல்.பி.க்களும் கலந்து கிடக்கின்றன. சிலவற்றில் டெக்கா என்ற பெயரும் 'டபிள்யூ.ஏ.' என்று தொடங்கும் எண்ணும் இருக்கின்றன. வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று உண்டு. அதில் போட்டுக் கேட்கலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கிராமபோனில் மட்டும் போடாதீர்கள். அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். இன்றைய ப்ளேயரின் கை அழுத்துவது 2 முதல் 5 கிராம்தான். எஃகு ஊசியும் அந்தக் கனமும் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் பள்ளம் அரைபடும். எல்.பி.யில் அந்த ஊசி ஒரே ஒரு தடவை ஓடினாலும் பாட்டு பாழ்.

முதல் வேலை, இரண்டு வகையையும் பிரிப்பது. கனமாக, வளையாமல், ஓரத்தை நகத்தால் தட்டினால் பீங்கான் தட்டு மாதிரி ஒலிப்பவை நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்கு ரெக்கார்டுகள். இலேசாக வளைந்து கொடுப்பவை வினைல். அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. டெக்கா பத்து அங்குலத்தில் எல்.பி.யும் வெளியிட்டிருக்கிறது. 'டபிள்யூ.ஏ.' என்பது மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே டெக்கா வெளியிட்ட 78 வரிசை. 'டபிள்யூ.ஏ.பி.எஸ்.' என்று இருந்தால் அது பின்னாளைய எல்.பி. வரிசை, நைஜீரியப் பாடகர் எபெனேசர் ஓபேயின் ஜூஜு (யொருபா மக்களின் கிதார்-மேள நடன இசை) பாட்டுகள் அதில் வந்தன. யொருபா, இக்போ, ட்வி, கா, ஃபாண்டே என்று பாட்டின் மொழி பல லேபிள்களில் அச்சாகியிருக்கும். கழுவுவதற்கு முன்பே லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி வையுங்கள். லேபிள் நனைந்து உரிந்தால் பாட்டை அடையாளம் காண அந்த எண்தான் மிஞ்சும்.

கழுவ ஒரு லிட்டர் பேட்டரி வாட்டர் (ஆசிட் அல்ல, காய்ச்சி வடித்த நீர்), அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். மெத்தென்ற பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரில் இருமுறை அலசுங்கள். ஊற வைக்கவே கூடாது. அரக்கு ரெக்கார்டில் பாதிக்கு மேல் கல்மாவும் மற்றக் கலப்புகளும்தான். விரிசல் வழியே நீர் இறங்கினால் உப்பிவிடும். துணியால் ஒற்றி, நிழலில் ஃபேனுக்கடியில் நிமிர்த்தி நிறுத்துங்கள். அரக்கின் மேல் ஸ்பிரிட் பட்டால் கதை முடிந்தது. மரத்துக்கு பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். வினைலுக்கு மட்டும் ஒரு பங்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலுக்கு நான்கு பங்கு நீர் சேர்க்கலாம்.

அடுத்தது ஊசி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். எல்.பி. ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான். 78க்கு வேண்டியது ஏறத்தாழ 75 மைக்ரான். எல்.பி. ஊசியில் 78ஐப் போட்டால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடிமட்டத்தில் தூசியை உழுதுகொண்டு போகும். 'பழைய ரெக்கார்டு, அப்படித்தான் இரையும்' என்று நாம் விட்டுவிடும் இரைச்சலில் பெரும்பகுதி இதுதான். பிறகு, 78கள் எல்லாம் மோனோ. இடது, வலது இரண்டு சானலையும் ஒன்றாக்கினால் ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியாக, இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற சமன்பாட்டுக்கு (பதியும்போது ஏற்றிய உச்ச ஒலியைக் கேட்கும்போது இறக்கும் முறை) கட்டப்பட்டவை. அது 1950களின் நடுவில்தான் பொதுவழக்குக்கு வந்தது; 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் அளவுக்கு உச்ச ஒலியைக் குறைக்கும். அதற்கு முந்தைய 78ஐ அதன் வழியே கேட்டால் ட்ரம்பெட் போர்வைக்குள்ளிருந்து ஊதுவதுபோல மங்கும். கணினியில் பதிந்து, அந்தச் சமன்பாட்டை நீக்கிவிட்டு, உச்ச ஒலியைக் காதுக்கு ஏற்றபடி சரிசெய்யுங்கள்.

இன்னொன்று: 1970களின் ஜூஜு எல்.பி.யில் பாட்டுகளுக்கு நடுவே இடைவெளிக் கோடு இல்லையே என்று திகைக்கவேண்டாம். 78இல் மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்த இசை, எல்.பி. வந்ததும் ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடத் தொடங்கியது. விருந்துகளில் அவர்கள் வாசித்ததும் அப்படித்தான்.

கேள்வி: நைஜீரியாவின் 'பேசும் மேளம்' நம் கோவில் இடக்கா மாதிரியே தெரிகிறதே. இரண்டும் ஒன்றா?
– வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அடிப்படை ஒன்றுதான், உடுக்கையும் இதே குடும்பம். நடுவில் ஒடுங்கிய உடல், இருபக்கமும் தோல், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு. கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். இடக்காவில் தோளில் தொங்கும் மேளத்தை இடக்கையால் அழுத்தி, வலக்கைக் கோலால் தட்டுகிறார்கள். யொருபா மக்களின் துந்துன், கங்கன் மேளங்களில் மேலிருந்து கீழ்வரை தோல்வார்கள் ஓடும். மேளத்தை அக்குளிலோ இடுப்போடோ அணைத்து, வளைந்த கோலால் அடித்துக்கொண்டே வார்களை இறுக்கித் தளர்த்துவார்கள்.

வித்தியாசம் வாசிப்பில் இருக்கிறது. இடக்கா ராகத்தைப் பின்தொடரும். துந்துன் பேச்சைப் பின்தொடரும். யொருபாவில் மேல், நடு, கீழ் என்று மூன்று தொனிகள். அசை எந்தத் தொனியில் வருகிறதோ அதையே மேளம் திருப்பிச் சொல்லும். ஒரே தொனியமைப்பில் பல சொற்கள் இருப்பதால் தனிச்சொல்லை அடித்தால் குழப்பம் வரும். எல்லோருக்கும் தெரிந்த பழமொழியையோ ஒருவரின் குலப்புகழையோ முழு வரியாக அடித்தால் கேட்பவர் உடனே பிடித்துக்கொள்வார்.

காலத்தைக் கணிக்கவும் இந்த மேளம் உதவும். 1930களில் லாகோஸில் துண்டே கிங் வாசித்த ஜூஜுவில் கிதார்-பேன்ஜோ, கிலுக்கும் சேகெரே, தம்புரின் இவைதான். பேசும் மேளம் ஜூஜுவுக்குள் வந்தது 1940களின் இறுதியில். லேபிள் இல்லாத ஜூஜு ரெக்கார்டில் அது கேட்டால் அதற்கு முந்தைய பதிவாக இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: கானாவின் ஈ.டி. மென்சா வாசித்த ஹைலைஃப் (மேற்கு ஆப்பிரிக்க நடன இசை) பாட்டுக்கு கீபோர்டில் சுரம் பிடித்தால் எந்தக் கட்டையிலும் சேரவில்லை. இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிறது. அவர்கள் சுருதியே அப்படியா?
– வாசகர், நகரி

பதில்: மென்சாவின் டெம்போஸ் குழு ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முன்னிற்கும் நடனக் குழு. 1956இல் கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு மேடையேறிய குழு அது. ஊதுவாத்தியக்காரர்களுக்கு 4 கட்டை, 6½ கட்டை போன்றவை கைக்கு எளிது. பாட்டு நடுவில் நிற்கிறதென்றால் உங்கள் ப்ளேயரின் வேகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அரைக்கட்டை என்பது ஏறத்தாழ 6 சதவீத வேக வித்தியாசம். 78இல் அது நாலரைச் சுற்றுக்கும் சற்று அதிகம். ரப்பர் பெல்ட் தளர்ந்தாலே சுருதி இறங்கிவிடும்.

சோதிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. வட்டக் காகிதத்தில் ஓரத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் 77 கறுப்புக் கோடுகள் அச்சிட்டு, தட்டின் மேல் வைத்துச் சுற்றவிடுங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92, அதாவது சரி. சுற்றும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் கூடுதல்; எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. 33⅓க்கு 180 கோடுகள். எல்.இ.டி. விளக்கில் இது பெரும்பாலும் பலிக்காது. கோடுகள் நின்ற பிறகும் சுருதி நடுவில் இருந்தால், பதிவு செய்தபோதே வேகம் மாறியிருக்கலாம். அப்போது ஊதுவாத்தியத்தின் கட்டையை வைத்துத் திருத்துங்கள். தனிக் கிதாரோடு பாடிய பாம்வைன் (கள்ளுக்கடை) பாட்டுகளில் மட்டும் இந்த வழி வேண்டாம். கிதாரைத் தன் குரலுக்கேற்ப ஏற்றி இறக்கி வைத்துக்கொள்வார்கள்.

ப்ளேயரில் 78 இல்லையென்றால், 78 ஊசியை மாட்டி 45இல் ஓடவிட்டுப் பதியுங்கள். முதலில் ஆர்.ஐ.ஏ.ஏ.வை நீக்கி, பிறகு வேகத்தை 1.733 மடங்காக்குங்கள். வரிசையை மாற்றினால் சமன்பாடு தவறான இடத்தில் விழுந்து குரல் கெட்டுவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, எதையும் வடிகட்டாமல் ஒரு பிரதி வையுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை இன்னொரு பிரதியில் செய்யுங்கள்.

கேள்வி: கினி, செனகல் பாட்டுகளைக் கேட்டால் கியூபா இசை போலவே இருக்கிறது. ஏன்?
– வாசகர், பாறசாலை

பதில்: அட்லாண்டிக்கைக் கடந்து அடிமைகளோடு போன தாளம், ரெக்கார்டாகத் திரும்பி வந்தது. எச்.எம்.வி. 1933 முதல் 'ஜி.வி.' என்ற வரிசையில் கியூபப் பாட்டுகளை ஆப்பிரிக்காவில் விற்றது. துறைமுக ஊர்களில் அவை பரவின. டக்காரின் இரவு விடுதிகளில் வாசித்த ஸ்டார் பேண்ட், பிறகு 1970இல் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ரா பாவ்பாப் எல்லாம் அந்த வழி வந்தவையே.

கையில் தட்டிப் பாருங்கள். 16 எண்ணிக்கையைத் தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. 1, 4, 7, 11, 13இல் விழும். இது கியூபாவின் கிளாவே. அக்ராவில் 1960களில் இளைஞர்கள் கிளப்பிய பான்லோகோ ஆட்டத்துக்கு இரும்பு மணியில் தட்டுவதும் இதே அடிதான். இந்த ஐந்து தட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். கிதார் எங்கே தாளத்தோடு சேர்கிறது, எங்கே நழுவுகிறது என்பது தானே தெரியும்.

கினியில் இன்னொரு திருப்பம் உண்டு. 1958இல் விடுதலை பெற்றதும் அதிபர் செக்கு தூரேயின் அரசு தன் செலவில் குழுக்களை வளர்த்தது, சொந்த மரபிலிருந்து எடுத்து வாசிக்கச் சொன்னது, சிலிஃபோன் என்ற அரசு நிறுவனம் மூலம் ரெக்கார்டும் போட்டது. பெம்பேயா ஜாஸ் குழுவில் செக்கு ஜாபாத்தேயின் எலெக்ட்ரிக் கிதாரில் பாலஃபோன் எனும் மரப்பலகை வாத்தியத்தின் ஓட்டம் அப்படியே இறங்கியிருக்கும். அந்நாட்டு வானொலியின் ஒலிநாடாக்களிலிருந்து 9,000க்கு மேற்பட்ட பாடல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின்கீழ் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் பாட்டு இந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது பெரிய காரியம்.

கேள்வி: புதிதாகக் கேட்க நினைக்கிறேன். எதில் தொடங்கலாம்?
– வாசகி, மூணாறு

பதில்: 1928இல் லண்டனில் ஜோனோஃபோன் ரெக்கார்டு கம்பெனிக்காகக் குமாசி ட்ரியோ குழு பதிந்த 'யா அம்போன்சா'. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் மீட்டும் கிதார். பின்னாளைய ஹைலைஃப் கிதாருக்கு வேர் அங்கே இருக்கிறது. அதன்பின் மென்சா. பிறகு, ஜூஜுவில் அக்கார்டியனைச் சேர்த்த ஐ.கே. டைரோ. ஆஃப்ரோபீட் இசைக்காரர் ஃபேலா குட்டியிடம் அப்புறம் வரலாம். எல்லோரும் அவரில் தொடங்குவதால்தான் அவருக்கு முந்தையவர்கள் காதில் விழாமல் போகிறார்கள்.

கேள்வி: நான் வீணை பயில்கிறேன். கோரா என்ற 21 தந்தி வாத்தியத்தில் ராகம் உண்டா? கமகம் வருமா?
– வாசகி, புத்தூர், ஆந்திரா

பதில்: கமகம் வராது. கோராவில் வீணையில் இருப்பதுபோல மெட்டு கிடையாது. தந்தியை இழுத்து வளைப்பதும் இல்லை. ஒரு தந்திக்கு ஒரு சுரம். அந்த வகையில் வீணையைவிடப் பழந்தமிழ் யாழுக்குத்தான் அது நெருக்கம். பாதிச் சுரைக்குடுக்கைக்கு மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட மரத்தண்டு செருகி, உயரமான குதிரையின் (தந்தி தாங்கும் கட்டை) இருபக்கமும் தந்திகள்: இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10. முன்பு தோல்வாரை முறுக்கிச் செய்த தந்தி, இப்போது மீன்பிடி நைலான். சுரவரிசை இடமும் வலமுமாக மாறி மாறி ஏறும். வாசிப்பது நான்கே விரல்கள். கட்டைவிரல்கள் கும்பெங்கோ என்னும் திரும்பத் திரும்ப வரும் அடித்தளத்தைப் பிடிக்க, ஆட்காட்டி விரல்கள் அதன் மேல் பிரிமின்திங்கோ என்னும் வேகமான ஓட்டங்களை விடும்.

சுருதியமைப்புகளுக்குப் பெயர்கள் உண்டு. ஹார்தினோ ஏறக்குறைய சங்கராபரணம். சௌத்தா, மத்திமம் ஏறியிருப்பதால் கல்யாணியை ஒட்டிவரும். ஏறக்குறைய என்பதை மறக்கவேண்டாம். சிலாபா போன்றவற்றில் சில சுரங்கள் நம் ஸ்தானங்களுக்கு நடுவில் நிற்கும். கீபோர்டை வைத்து அளந்தால் பிசகாகத்தான் தெரியும், வீணைக்காரருக்கு அது உறுத்தாது. தண்டில் கட்டிய தோல்வளையங்களை ஏற்றி இறக்கித்தான் சுருதி மாற்ற வேண்டும். அதற்கு நேரம் பிடிப்பதால் ஒரே அமைப்பில் பல பாட்டுகளைத் தொடர்ந்து வாசிப்பார்கள்.

1970இல் மாலியில் சிதிகி ஜாபாத்தே, ஜெலிமாதி சிசோக்கோ முதலானோர் வாசித்த 'பழந்தந்திகள்' பதிவைக் கேளுங்கள். இவர்களின் பிள்ளைகள் துமானி ஜாபாத்தேயும் பாலாகே சிசோக்கோவும் 1999இல் 'புதிய பழந்தந்திகள்' என்று இரட்டையராக வாசித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், தந்தையர் எங்கே நிறுத்துகிறார்கள், பிள்ளைகள் எங்கே நீட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் ரெக்கார்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், குமுளி

பதில்: பூஞ்சணம் முதலில் தொற்றுவது காகித உறையில். அந்த உறையை மாற்றாமல் ரெக்கார்டை மட்டும் கழுவினால் அடுத்த மழைக்கே திரும்ப வரும். முகக்கவசம் போட்டு, வெளித்திண்ணையில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மேலே முதல் கேள்வியில் சொன்னபடி கழுவுங்கள். முழுக்க உலர்ந்த பிறகே புதிய உறை. பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. வெளிச்சுவரில் சாய்ந்த அலமாரி வேண்டாம். உள்சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், நிமிர்த்தி அடுக்குங்கள். சிலிக்கா ஜெல் வைப்பதானால் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்ப வைக்கலாம். ஈரம் பிடித்த ரெக்கார்டை வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். வினைல் நெளிந்துவிடும், அரக்கு இளகும். நெளிந்தது திரும்பச் சரியாவது அரிது.