ஜன்னல் கம்பி

அன்புள்ள அக்கா,

நான் கட்டடப் பொறியாளன், வயது இருபத்தெட்டு. கென்யாவில் கிட்டுயி பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் பள்ளிக்கு விடுதி கட்டுகிறார்கள். அந்த வேலையை மேற்பார்க்கச் சம்பளமில்லாமல் ஆறு மாதம் வந்திருக்கிறேன். எண்பது பிள்ளைகள் தங்கப்போகிற கட்டடம். பலர் தினமும் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள். அக்டோபர் கடைசியில் மழை பிடித்ததும் ஃபுண்டிகளில் பாதிப் பேரைக் காணோம். இங்கே கொத்தனாருக்கு அதுதான் பெயர். கூரைத் தகடு வந்து கிடக்கிறது, ஏற்ற ஆளில்லை. இவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை. ஜன்னல் கம்பி வேலை மட்டும் சொன்ன தேதியில் முடிந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். பகலில் கத்திவிட்டு ராத்திரி படுக்கும்போது வெட்கமாக இருக்கிறது. நான் செய்வது சேவையா, அதிகாரமா? இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதலாமா?

க.

அன்புள்ள தம்பி,

புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் கட்டி முடியுங்கள்.

நேரத்தின் அருமை பற்றி ஒன்று. அந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு மழை. மார்ச்சில் தொடங்குவதற்கு நீண்ட மழை என்று பெயர், ஆனால் அதை நம்பி விதைக்க முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற குறுமழைதான் அங்கே வாழும் கம்பா இன மக்களுக்குச் சோறு போடுவது. மக்காச்சோளம், தட்டைப்பயறு, துவரை, பாசிப்பயறு எல்லாம் அந்த ஈரத்தில்தான். உங்கள் ஃபுண்டி காணாமல் போகவில்லை, வயலில் இருக்கிறார். ஆடிப்பட்டத்தில் நம்மூர்க் கொத்தனாரைச் சாரத்தில் ஏற்றி நிறுத்திவிடுவீர்களா? அவருக்கு நேரத்தின் அருமை தெரிந்ததால்தான் போனார். உங்கள் அட்டவணையைப் போட்டவருக்குத்தான் அது தெரியவில்லை. அது நீங்கள்தான் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். பழைய கூலி பாக்கி இருந்தால் அதையும் தீர்த்துவிடுங்கள்.

சரி, அந்த ஜன்னல் கம்பி.

கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. போன மாதம் தங்கை மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போயிருந்தேன். கூட வந்தவர்கள் கழிப்பறையைப் பார்த்தார்கள், மெஸ்ஸைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துவிட்டு அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் கடிதம் வருகிறது, கம்பி வேலை முடிந்தது ஆறுதல் என்று. ஆறுதலாம்!

நீங்கள் இருக்கும் இடத்துக்கு அடுத்த மாவட்டம் மச்சாகோஸ். அங்கே கியாங்குலி என்ற பள்ளியில் 2001 மார்ச்சில் ஒரு ராத்திரி விடுதி எரிந்து 67 பையன்கள் செத்தார்கள். இரண்டு கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. ஜன்னல்களில் கம்பி. இதை அங்கே நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நீங்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. அது மாணவர்களே வைத்த தீ, கட்டடம் என்ன செய்யும் என்று சொல்லவேண்டாம். வைத்தது யாரானால் என்ன? உள்ளே இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் 2008ல் கென்யக் கல்வி அமைச்சகம் பள்ளிப் பாதுகாப்புக்கென்று ஒரு கையேடு போட்டது. விடுதி ஜன்னலில் கம்பி கூடாது, சுலபமாக வெளிப்பக்கம் திறக்கவேண்டும். கதவு ஐந்தடி அகலம், அதுவும் வெளிப்பக்கம் திறக்கவேண்டும். இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கதவு, நடுவில் அவசரத்துக்கு இன்னொன்று. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே 1.2 மீட்டர். சிமென்ட் கலவைக்கு அளவு பார்க்கிற பொறியாளர் இதைப் படிக்கவேண்டாமா? கையேடு வந்து பதினாறு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், நியேரி பக்கம் ஒரு பள்ளி விடுதியில் 21 சிறுவர்கள் எரிந்துபோனார்கள்.

நாம் மட்டும் ஒழுங்கா? 2004ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள். உடனே ஊர் ஊராகக் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். நல்லதுதான். அந்தப் பள்ளியின் குறுகலான மாடிப்படியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. எரிகிற பொருளைத் திட்டுவது நமக்குச் சுலபம். வழி எங்கே என்று கேட்டால் பூட்டியவர் யார் என்று சொல்லவேண்டி வரும்.

நான் 1986ல் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். எந்த ஊர், எந்த விடுதி என்பதெல்லாம் வேண்டாம். ராத்திரி எட்டரைக்கு வெளியிலிருந்து பூட்டுவார்கள். வார்டன் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு முன்பக்க வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு ராத்திரி கொசுவர்த்திச் சுருளிலிருந்து ஒருத்தியின் இலவம்பஞ்சு மெத்தை பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை, வெறும் புகை. ஆனால் முப்பத்தாறு பேர் ஜன்னலில் போய் முண்டினோம். வாட்ச்மேன் தாத்தா வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். வாளி கம்பிக்குள் நுழையவில்லை. அவர் ஒரு டம்ளரால் மொண்டு மொண்டு நீட்ட, நாங்கள் கைமாற்றி வாங்கி மெத்தையில் ஊற்றினோம். அந்த டம்ளரின் விளிம்பு கம்பியில் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சாவி வருவதற்குள் மெத்தை தானாகவே எரிந்து அடங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கொசுவர்த்தியைத் தடை செய்தார்கள். பூட்டு பழையபடி எட்டரைக்கு விழுந்தது. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை, தம்பி. பூட்டினால்தான் அப்பா படிக்க அனுப்புவார் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் உங்கள் தலைமையாசிரியை மேல் கோபப்படாதீர்கள். கம்பி அவர் கேட்டதாகத்தான் இருக்கும். மெத்தை திருடு போனாலும், ஒரு பெண் கர்ப்பமானாலும் ஊர் வந்து நிற்பது அவர் வாசலில். பெற்றோர் கூட்டத்தில் வைத்து அவரோடு வாதாடவேண்டாம். தனியாக உட்காருங்கள். திருடனுக்குப் பயம் என்றால் வேலியை உயர்த்தலாம், ராத்திரிக்கு ஓர் அஸ்காரியை, அதாவது காவல்காரரை, வைக்கலாம், அவர் சம்பளத்தை உங்கள் நன்கொடையாளர்களிடம் கேட்டு வாங்கலாம். பெயர்ப் பலகைக்குச் செலவழிக்கிறவர்கள் இதற்குத் தரமாட்டார்களா? கதவில் உள்ளிருந்து கை வைத்தால் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள், சாவி தேவைப்படாதது. பிள்ளைகள் குடிவந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அவர்களை ஒரு முறை வெளியே ஓடச் சொல்லிப் பாருங்கள். எங்கே முட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வெல்டிங்காரரை மறுபடி கூப்பிட வெட்கப்படாதீர்கள். போட்ட கம்பியை அறுக்க ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். மழைக்காலம், கொசுவலைக்குள் தூங்குங்கள்.

சேவையா அதிகாரமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பியை அறுத்துவிட்டு எழுதுங்கள், பேசலாம்.

அன்புடன்,
அக்கா