வீல்சேர்ல மாட்டுற ரோபோ கை நல்லா வேலை செய்யுதான்னு எப்படி டெஸ்ட் பண்றாங்க?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னை ஏறி விழுந்து கழுத்து எலும்பு அடிபட்டவங்கள பாத்திருப்பீங்க, மூளை தெளிவா இருக்கும் ஆனா கை தூக்க வராது. அவங்க வீல்சேர் பக்கத்துல மாட்டி, ஜாய்ஸ்டிக்ல ஓட்டுற மெஷின் கைதான் இது. கனடாவோட கினோவா கம்பெனி செய்ற ஜாக்கோன்னு ஒண்ணு இருக்கு, 6 மூட்டு, விரலும் உண்டு.

கஷ்டம் எங்கன்னா, கை மேல கீழ, முன்ன பின்ன, இடம் வலம் போகணும், மணிக்கட்டு மூணு விதமா திரும்பணும், விரல் மூடணும். வீல்சேர் ஜாய்ஸ்டிக்லயோ முன்ன பின்ன, இடம் வலம்னு ரெண்டே திசை. ஒரே லீவர் வச்ச ஜேசிபிய நினைச்சுக்கோங்க, பூம் தூக்க ஒரு பட்டன அமுக்கி மாத்தணும், பக்கெட் மடக்க மறுபடி மாத்தணும், கிறுக்கே புடிச்சிரும்!

அதனால டெஸ்ட்ல டம்ளர எடுத்தாச்சான்னு மட்டும் பாத்தா பத்தாது. கட்டஞ்சாயா (பால் ஊத்தாத டீ) சிந்தாம வாய் வரைக்கும் வர எவ்ளோ நேரம், எத்தன தடவ மோட் மாத்துனாங்க (அதாவது ஒரு அசைவுல இருந்து இன்னொண்ணுக்கு ஜாய்ஸ்டிக்க மாத்துறது), எவ்ளோ அசந்து போனாங்கன்னு எல்லாம் குறிச்சுக்குவாங்க. காலேஜ் பசங்கள மட்டும் ஓட்ட வச்சு எடுத்த ரிசல்ட்ட நான் பெருசா நம்ப மாட்டேன், ஏன்னா கை நடுங்குறவங்க, தாடையால ஜாய்ஸ்டிக் தள்ளுறவங்க கதையே வேற, அதுவும் லேப்ல இல்லாம வீட்டு அடுக்களைல கொஞ்ச நாள் வச்சுப் பாக்கணும்.

நெறைய பேரு இத கை போனவங்களுக்கு மாட்டுற செயற்கைக் கைன்னு நினைக்கிறாங்க, இது உடம்புல மாட்டுறது இல்லீங்க, வீல்சேர்லயோ மேஜைலயோ தனியா நிக்கிறது.